பேசாத மாமியாரின் பேக்கரிக் கூரை

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கூட வேலை செய்தவர்களுக்கு அவர் குத்தூசி. தட்டையான கூரைகள் ஒழுகாமலிருக்க பிவிசி என்னும் பிளாஸ்டிக் சீட் விரிப்பது அவர் தொழில். ஒரு சீட்டின் ஓரத்தின்மேல் இன்னொரு சீட்டின் ஓரத்தை ஏற்றி, இரண்டையும் சூடான காற்றால் இளக்கி ஒட்டுவார்கள். ஒட்டியது ஆறியதும் இவர் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, சின்ன இரும்பு ஊசி ஒன்றால் அந்த ஒட்டின் விளிம்பை முழுக்கக் குத்திப் பார்த்துக்கொண்டே போவார். “ஊசி உள்ளே இறங்கிட்டா அன்னைக்கு இவருக்குச் சோறு இறங்காது” என்பான் கூட்டாளி. வாய் ஓயாத ஆள் என்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

ஆள் கனத்த உடம்பு, மெல்லிய குரல். தார் காய்ச்சி ஊற்றிய காலத்தில் வாங்கிய தீக்காயத் தழும்பு வலது உள்ளங்கையில் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் கிடங்கு, தியேட்டர், ஆஸ்பத்திரி என்று அவர் கால் படாத கூரை குறைவு. வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த மாமியாரின் பேக்கரிக் கூரையில் மட்டும் அவர் ஏறியதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. மகளை ஆபீஸ் உத்தியோகக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று மாமியார் நினைத்திருந்தார். மகளோ இவரைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டாள். “மேலே நிக்கிறவனுக்குக் காலடியில என்ன நிச்சயம்?” என்று அன்றைக்குக் கேட்டவர்தான், ஒன்பது வருஷமாக மாப்பிள்ளையோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்ட மனுஷி இல்லை. தனி ஆளாக முப்பது வருஷம் அடுப்பின் முன்னால் நின்று கடையைக் காப்பாற்றியவர். அந்தச் சூடு குணத்திலும் கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். விருந்துக்குக் கூப்பிடுவார். மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்க, “அவருக்கு இன்னொரு பன் வேணுமான்னு கேளு” என்பார் மகளிடம். அவரும் மனைவியைப் பார்த்து, “போதும்னு சொல்லு” என்பார்.

“நான் என்ன டெலிபோனா?” என்று கத்துவாள் மனைவி.

கூரை ஒழுகுவது இவருக்குத் தெரியும். மாமியார் மூன்று தடவை யாரையோ வைத்துப் பெயிண்ட் பூசியதும் தெரியும். “நீங்களா போய்ப் பாருங்களேன்” என்று மனைவி கெஞ்சினாள்.

“கேட்காம போய் நின்னா குத்திக்காட்ட வந்தான்னு ஆகும்” என்றார் அவர். வீம்பில் மாமியாருக்குச் சளைத்தவர் இல்லை.

ஒருநாள் காலை மழையில் கூரை கொட்டியே விட்டது. பதினொரு மூட்டை மைதா நனைந்து களியானது. மாமியார் நேராகக் கூரைக் கம்பெனிக்கே போன் போட்டு, “நல்ல ஆளா ஒருத்தரை அனுப்புங்க” என்றார். ஊரில் அந்த வேலைக்கு இருந்தது ஒரே கம்பெனி. உறவு எதுவும் தெரியாத மேலாளர், இருப்பதிலேயே நல்ல ஆளை அனுப்பினார்.

பேக்கரி வாசலில் ஏணியோடு வந்து நின்ற குத்தூசியை மாமியார் ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். இடையில் பேச மகளும் இல்லை.

“வாங்க சார்” என்றார்.

“வணக்கம் மேடம்” என்றார் இவர்.

பக்கத்தில் நின்ற வக்கீல் இருமல் வந்ததுபோல் திரும்பிக்கொண்டான்.

மேலே பழைய தார் வெடித்துக் கிடந்தது. அதன்மேல் மூன்று நிறப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. தண்ணீர் ஓட வாட்டம் கொஞ்சம்தான், வடிகால் வாய் இரண்டில் ஒன்று அடைத்துப்போய்ப் பின்பக்கம் குளம் கட்டியிருந்தது. அடுப்புப் புகைக்குழாயைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்கு நெய்ப்பிசுக்கு. மாமியாரும் மூச்சிரைக்க ஏணியில் ஏறி வந்தார். முப்பது வருஷத்தில் தன் கடையின் தலையை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

“கறுப்பு ரப்பர் சீட் மலிவுன்னு சொல்றாங்களே, அது போடக் கூடாதா சார்?”

“வேற கட்டடமா இருந்தா போடலாம் மேடம். இங்க எண்ணெய்ப் பிசுக்கு விழுது. ரப்பர் உப்பிடும். பிவிசி அதைவிட நல்லாத் தாங்கும். ஆனா அதையும் பிசுக்கில ஊற விடக் கூடாது. குழாய்க்குக் கீழே தட்டு வைக்கணும், துடைக்கணும்.”

“அடுப்பை அணைக்க முடியாது. நெருப்பு வச்சு ஒட்டுவீங்களா?”

“நெருப்பே கிடையாது. காத்துதான். வெள்ளை சீட் போட்டா வெயிலும் கொஞ்சம் திரும்பிப் போகும், கீழே உங்களுக்கு வேக்காடு குறையும்.”

“இந்தத் தார் மேலேயேவா?”

“தாரும் பிவிசியும் தொட்டுக்கக் கூடாது. தொட்டா சீட்டோட சத்தைத் தார் உறிஞ்சிடும். நடுவுல கம்பளி மாதிரி ஒரு விரிப்பு போடணும்.”

“தொட்டா ஆகாது, நடுவுல ஒருத்தர் வேணும்” என்று மாமியார் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொன்னபிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியை நோக்கிப் போனார்.

அடுத்த வாரம் வேலை தொடங்கியது. பழைய தாரின் கொப்புளங்களை வெட்டிச் சமன் செய்து, விரிப்பைப் போட்டு, தாழ்ந்த பக்கத்திலிருந்து சீட்டை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஓரத்தில் திருகாணி, அதை மூடி அடுத்த சீட், அதன்மேல் சூடான காற்று ஊதும் மெஷின். முதல் நாள் காலையில் குத்தூசி சோதனைக்குத் துண்டுச் சீட் இரண்டை ஒட்டி, ஆறவிட்டு, பிரித்துப் பார்த்தார். சீட்டுதான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. அதுதான் நல்ல ஒட்டுக்கு அடையாளம்.

மத்தியானம் கைப்பிடிச் சுவரோரம் குத்திப் பார்த்தபோது ஊசி வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. ஒரு சாண், ஒரு முழம், அதற்கு மேலும். பதினைந்து அடிக்கு ஒட்டு பொய்.

“மேலாப்புல பார்த்தா ஒட்டினதாத்தானே இருக்கு. யாருக்குத் தெரியும்?” என்றான் வக்கீல்.

“மழைக்குத் தெரியும்” என்றார் குத்தூசி. அந்த நீளம் முழுக்கத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டையை மேலே வைத்து ஒட்ட ஆரம்பித்தார்.

தேநீர்த் தட்டோடு மேலே வந்த மாமியார், “ஒட்டினதையே எதுக்கு மறுபடியும் ஒட்டுறீங்க?” என்று கேட்டார்.

“கீழே மாவு பிசையுற மெஷினைப் போட்டிருக்கீங்க. கரண்ட் இறங்கிடுச்சு. காத்துல சூடு பத்தல.”

மாமியாருக்குச் சுருக்கென்றது. “அப்போ குத்தம் எங்க மாவு மேலயா?”

“இல்ல மேடம், குத்தம் என்னோடது. ஒரே லைன்ல எது எது ஓடுதுன்னு நான் காலையிலேயே கேட்டிருக்கணும்.”

தன் தவறைத் தானே எடுத்துத் தட்டில் வைக்கிற ஆளை மாமியார் அதிகம் பார்த்ததில்லை. கடையில் ரொட்டி கருகினால் அடுப்பைச் சொல்வார்கள், அடுப்புக்காரன் விறகைச் சொல்வான். அவர் இறங்கிப் போய்ப் பிசைகிற நேரத்தை மாற்றினார். அன்றிலிருந்து கீழே மெஷின் போடும் முன் அவரே ரொட்டித் தட்டை ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். மேலே காற்று மெஷின் நிற்கும். பிசைந்து முடிந்தால் இரண்டு தட்டு. மேலே வேலை தொடங்கும்.

நாலாவது நாள் பகல் பதினொரு மணிக்கு மேற்கே கறுத்தது. கடைசிப் பகுதி இன்னும் ஒட்டவில்லை. விரிப்பு திறந்து கிடந்தது. காற்று அடித்த அடியில் மூடுவதற்கு வைத்திருந்த தார்ப்பாய் படகுப் பாய்போல் எழுந்தது. வக்கீல் ஒரு முனையில், குத்தூசி நடுவில். கீழே இருந்து மாமியாரும் இரண்டு ரொட்டிக்காரர்களும் மாவுக் கையோடு ஏறி ஓடி வந்தார்கள். மாமியார் ஒரு முனையைக் காலால் மிதித்து, அதன்மேல் உட்கார்ந்தே விட்டார். எதிர் முனை படபடத்துக் கொண்டிருந்தது.

“மாப்பிள்ளை! அந்த ஓரத்தைப் பிடிங்க, மாப்பிள்ளை!”

குத்தூசி பாய்ந்து பிடித்தார். மணல் மூட்டைகளை இழுத்து வைத்து முடிப்பதற்குள் எல்லோரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள். உள்ளே வந்து, அடுப்புப் பக்கம் வரிசையாக நின்று ஈரத்தைக் காய வைத்தார்கள். வக்கீலால் பொறுக்க முடியவில்லை.

“மேடம், மேலே யாரையோ மாப்பிள்ளைன்னு கூப்பிட்டீங்களே?”

“மாப்பிள்ளையை மாப்பிள்ளைன்னு கூப்பிடாம பின்ன எப்படிக் கூப்பிடுறது? நீ தலையைத் துவட்டு” என்றார் மாமியார். பிறகு குத்தூசியைப் பார்த்து, மெதுவாக, “இன்னொரு பன் வேணுமா?” என்றார்.

அவர் பழக்கதோஷத்தில் பக்கத்தில் மனைவியைத் தேடினார். இல்லை. “கொடுங்க அத்தை” என்றார். குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக வந்தது. மூன்று பன் சாப்பிட்டார்.

புகைக்குழாயின் சூடு சீட்டில் படாதபடி தகரத்தால் ஒரு கழுத்துப்பட்டை செய்து, இடைவெளி விட்டுப் பொருத்தியதோடு வேலை முடிந்தது. அதற்குப் பின் வந்த மழைகளில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் மாமியாரின் தொல்லை இவர் தலையில் இறங்கிவிட்டது. மாதம் ஒருமுறை ஏறி வடிகால் வாயில் இலை பொறுக்கி, பிசுக்குத் தட்டைத் துடைத்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் போன் செய்து அறிக்கை வாசிப்பார். “எங்கம்மா எனக்குப் போன் பண்றதே இல்லை” என்று இப்போது மனைவிக்குக் குறை.

போன வாரம் குத்தூசி ஒரு கிடங்குக் கூரையில் இருந்தபோது மாமியார் அழைத்தார். ஏசி மாட்ட வந்தவன் துளைபோடும் மெஷினோடு கூரையில் ஏறிவிட்டானாம்.

“நான் நடுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன் மாப்பிள்ளை. அவன் என்னைத் தாண்டித்தான் ஓட்டை போடணும். நீங்க எப்போ வர்றீங்க?”

“ஒரு மணி நேரம் ஆகும் அத்தை. வெயிலா இருக்கே, இறங்கிடுங்க.”

“மெதுவாவே வாங்க. அவன்தான் பாவம், நின்னுக்கிட்டு இருக்கான். அவனுக்கும் ஒரு டீ கொண்டுவரச் சொல்லியிருக்கேன்.”