வின்டருக்கு முன்னால் ஒரு ‘தி’

இங்கிலீஷ் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவனுக்குச் சாப்பிடும்போதுகூடக் கையிலிருந்து சிவப்பு மைக்கறை போகாது. அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.

இல்லாத பருவம்

ஸ்ரீவராகத்தில் என் வீட்டு முன்னறையில்தான் வகுப்பு. குமாஸ்தா பரீட்சைக்காக வித்துராவிலிருந்து வந்திருந்த கிருஷ்ணனிடம், குறிப்பிட்ட ஒரு வருஷத்து வின்டர் என்றால் முன்னால் ‘தி’ போட்டே தீரவேண்டும் என்று மேஜையைத் தட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார்: “நமக்கு இடவப்பாதி மழையும் துலாமழையும்தானே சாரே உள்ளது? இல்லாத வின்டருக்கு எந்தினு ஒரு ‘தி’?”

ஹோட்டல்காரரின் கடிதம்

தம்பானூரில் காபி ஹோட்டல் வைத்திருந்த சுப்பையருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஒரே பிள்ளை சேஷு, யுத்தத்துக்குப் போய், பட்டாளத்துக் குமாஸ்தாவாக இத்தாலியில் இருந்தான். தமிழ்க் கடிதம் சென்சாரில் மாதக்கணக்கில் கிடக்கும், இங்கிலீஷ் என்றால் பறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு மனுஷர் சம்மதிக்கவில்லை. தன் கையால்தான் எழுதுவேன் என்று ஏ, பி, சி-யிலிருந்து ஆரம்பித்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வின்டரில் ஸ்வெட்டரைக் கழற்றாதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்கிற சங்கதிகள். நான் ‘வின்டர்’ மேல் சிவப்பு வட்டம் போட்டு, ‘தி’ எங்கே என்று கேட்டு, வேறு தாளில் திருப்பி எழுதச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால் சந்தோஷப்பட்டார்: “நன்னாத் திருத்துங்கோ, சார். பையன் பி.ஏ. படிச்சவன். அப்பா இங்கிலீஷைப் பார்த்துச் சிரிச்சுடப்படாது.”

நல்ல பிரதி

மூன்று வாரம் திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பிழை. கடைசியில் நானே சொல்லச் சொல்ல அவர் எழுதி, ஒரு குற்றமில்லாத நல்ல பிரதி தயாரானது. தபாலில் சேர்க்க வேண்டிய அன்று காலையில், சேஷு போய்விட்டான் என்று தந்தி வந்தது.

காரியங்களெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் சுப்பையர் வந்து, வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நல்ல பிரதியை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டு, முதல் முதலில் எழுதிய தாளைக் கேட்டார். “அதில் நிறையத் தப்பு இருக்கே” என்று சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை: “இருக்கட்டும், சார். நான் அவன்கிட்டப் பேசினது அதுலதான் இருக்கு.”

அவர் எழுதியதுபோல் பொதுவாகச் சொல்லும் வின்டருக்கு ‘தி’ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரிதான் என்று இலக்கணப் புத்தகத்தின் மூலையில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். என் வாத்தியார் உத்தியோகத்தில் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்த கடிதம் அது ஒன்றுதான், போய்ச் சேராததும் அது ஒன்றுதான்.