கடப்படைச்சான்

நெடுந்தீவில் என் காணியின் கடப்பைக் கல் வைத்து அடைத்தவன் நான். அந்தப் பழியை இன்னொருவர் தலையில் போட்டவனும் நான்தான்.

எங்கள் பகுதியில் காணிகளுக்கு வேலி இல்லை, பவளக்கல்லை அடுக்கிய மதில்தான். மனிதரும் மிருகங்களும் போய்வர அதில் விடும் இடைவெளியைக் கடப்பு என்போம். என் காணிக்குள் ஒரு துரவு இருக்கிறது. கோடையில் குளங்கள் வெடித்துக் கிடக்கும்போதும் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊறும். சொந்தக்காரர் இல்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் கடப்பால் வந்து குடித்துவிட்டுப் போகும். ஆசிரிய வேலையில் ஓய்வு பெற்ற பிறகு துரவைச் சுற்றி நாவல் கன்றுகள் நட்டேன். குதிரைகள் கடித்தன. அந்தக் கோடையில் கடப்பை அடைத்தேன். மழை வந்ததும் திறக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் மதிலோரம் செத்துக் கிடந்தன. தாயின் தலை நான் அடுக்கிய கற்களின்மேல் சாய்ந்திருந்தது.

சனம் கூடிவிட்டது.

"ஆர் மாஸ்டர் இதை அடைச்சது?"

பக்கத்துக் காணிக்காரர் மாடு வளர்ப்பவர். என் துரவுக்கு வரும் குதிரைகள் தன் மேய்ச்சலைத் தின்கின்றன என்று எப்போதும் சண்டை பிடிப்பவர்.

"அவரைத்தான் கேக்கவேணும்" என்றேன்.

சனத்துக்கு அது போதுமாக இருந்தது. அவர் தான் இல்லை என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டதே அவருக்கு எதிராகப் போயிற்று. கற்களைப் பிரித்து ஓரமாகக் குவித்தார்கள். அந்தக் கிழமையே அவருக்குப் பட்டம் விழுந்தது: கடப்படைச்சான். எங்கள் தீவில் பட்டம் விழுந்தால், தாய் தகப்பன் வைத்த பெயரைக் கோயில் அர்ச்சனையில்தான் கேட்கலாம்.

போன வருடம் மாதர் சங்கத்துப் பெண்கள் இறங்குதுறைக்குப் போகும் வழியில் அந்தத் தாயையும் குட்டியையும் உருவமாகச் செய்யத் தொடங்கினார்கள். கோடையில் தண்ணீர் வைக்கும் நினைப்பு ஊருக்கு வரவேண்டும் என்றார்கள். பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது என்பது அவர்கள் வைத்த கட்டுப்பாடு. காற்றில் விழுந்த பனை, கடல் ஒதுக்கிய கட்டை, பட்டுப்போன பூவரசங்கொப்பு ஆகியவைதான் உடம்பு. விலாவுக்குப் பனைமட்டை, வாலுக்குப் பனந்தும்பு. ஊரே வந்து வேலை செய்தது. நான் இருந்தபடி கயிறு முறுக்கிக் கொடுத்தேன்.

ஒரு நாள் பக்கத்துக் காணிக்காரர், யாரும் கேட்காமலே, விழுந்த பனைமரம் ஒன்றை உழவு இயந்திரத்தில் கொண்டுவந்தார். வால் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, மரத்தைப் போட்டிட்டு விலத்தி நில்லுங்கோ. நீங்கள் தொட்டா இதுவும் படுத்திடும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம் பிள்ளை, தொடேல்லை" என்று அவரும் சிரித்தார். மரத்தை இறக்கிவிட்டுப் போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. நானும் அப்போது சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

குட்டியின் கால்கள் நிற்க, அடியில் கல் பரப்ப வேண்டியிருந்தது. என் மதிலோரம் குவிந்து கிடந்ததையே கேட்டு ஏற்றி வந்தார்கள்.

"கவனம், கடப்படைச்சான் அடுக்கின கல்லு" என்றாள் அதே பெண்.

"அதை அடுக்கினது நான்" என்றேன்.

"சும்மா பகிடி விடாதேங்கோ மாஸ்டர்."

முழுவதையும் சொன்னேன். தும்பு அவள் மடியில் கிடந்தது.

"அப்ப அந்த மனிசனை நாங்கள்..." என்றாள். ஒருவரும் என்னை ஏசவில்லை. தேத்தண்ணி வந்தபோது எனக்கும் தந்தார்கள். அதைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் விட்டிட்டு இப்ப ஏன் சொல்லுறீர்?"

"நெஞ்சுக்க வைச்சிருக்க ஏலாமல் போச்சுது."

"உமக்கு ஏலாமல் போச்சுது. சரி." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "என்ர பேத்தியைப் பள்ளிக்கூடத்தில என்னெண்டு கூப்பிடுறாங்கள், தெரியுமே? கடப்படைச்சான்ர பேத்தி. என்னட்டை வந்து அழவேண்டாம். போய்ப் படகில சொல்லும். அங்கதானே இந்தப் பேர் ஏறி இறங்குது."

அவர் சொன்னபடி செய்தேன். அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்குப் போகும் காலைப் படகில், இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னேன். சனம் கேட்டது. ஒரு அம்மா, மாஸ்டருக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார். படகுக்காரர், "சரி, சொல்லிப்போட்டியள்தானே, இருங்கோ, விழுந்திடுவியள்" என்று என் கையைப் பிடித்து இருத்தினார்.

பின்னேரம் அதே படகில் திரும்பினோம். இறங்குதுறையில் படகுக்காரர் தன் ஆளிடம் கத்தியது கேட்டது.

"கடப்படைச்சான்ர புண்ணாக்கு மூட்டையை முதல்ல இறக்கு!"

"அவரில்லை, நான்" என்றேன்.

"தெரியும் மாஸ்டர். வாயில வந்திட்டுது." அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். "அதுக்காக உங்களை அப்பிடிக் கூப்பிட ஏலுமே?"

உருவம் இப்போதும் வழியில் நிற்கிறது. உயிருள்ள குதிரைகள் அதன் வால் தும்பைப் பிடுங்கிவிடும், பெண்கள் திரும்பக் கட்டுவார்கள். பக்கத்துக் காணிக்காரர் மட்டும் சுற்றுப்பாதையால்தான் போகிறார். படகில் அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் எழும்பித் திருத்துகிறேன். முழங்கால் நோகிறது. நேற்று நான் வாய் திறக்கமுன்னரே, "தெரியும் மாஸ்டர், இருங்கோ" என்றார்கள்.