ஓர் எழுத்துகூட மாற்றாதவர்கள்

மெமோ என்று ஒன்று வந்தால் கீழே ஒரு கையெழுத்து இருக்கும். கையெழுத்துக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு மாடி. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மெமோ வாங்கியவர்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிக் கொடுத்தே என் பாதி சர்வீஸ் போயிற்று. அதனால் மகளுக்கு வந்த மெமோவை அவளுடைய கணினியில் பார்த்ததும், முதலில் கடைசி வரிக்குப் போய்க் கையெழுத்தைத் தேடினேன். இல்லை. அனுப்பியது ஒரு தேடுபொறி.

மகள், பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்திருந்தாள். மூன்று வயதாகியும் வாய் திறக்காத பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லை. விசாரித்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் தேடுவார்கள். அந்தத் தேடலில் அவளுடைய இணையதளம் கண்ணில் பட்டால் அறைக்குக் குழந்தைகள் வரும். படாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தளம் தேடல் முடிவுகளின் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. மூன்றாம் பக்கம் என்பது, தாம்பரத்தில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய்ச் செங்கல்பட்டில் கண் விழிப்பது மாதிரி. யாரும் விரும்பிப் போகும் இடமில்லை.

"மத்தவங்க வெப்சைட்ல நம்ம சைட்டுக்கு லிங்க் குடுத்தா மேல வரும்மா," என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "நிறைய பேர் அதைக் காசு குடுத்து வாங்கறாங்க. எனக்குப் பிடிக்கல."

"அட, சிபாரிசுதானே?" என்றாள் என் மனைவி.

அவள் தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். பழைய மாணவர்கள் அவளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். கை கழுவிவிட்டு வந்து ஒரு வாக்கியம் எழுதினாள்: 'தாம்பரம் வட்டாரத்தில் குழந்தைகளுக்கான மிகச் சிறந்த பேச்சுப் பயிற்சி நிலையம் இதுவே.' அதைக் குழுவில் போட்டு, கீழே உத்தரவும் போட்டாள். 'பிள்ளைகளா, இதை உங்கள் வெப்சைட்டில் போடுங்கள். தொட்டால் நம் நிலையத்துக்குப் போக வேண்டும். பிழை வரக் கூடாது.'

கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிப் பழகிய பிள்ளைகள். கீழ்க்கட்டளையில் கல்யாணச் சமையல் எடுப்பவன், விருந்துப் பட்டியலில் வடைக்கும் பாயசத்துக்கும் நடுவே போட்டான். முடிச்சூரில் மனை விற்பவன் ஒவ்வொரு மனையின் படத்துக்குக் கீழேயும் போட்டான். ஒரு மழைக்கே மூழ்கும் முடிச்சூரில், அவனுடைய விளம்பரத்தில் மட்டும் மழையே பெய்வதில்லை, அது வேறு விஷயம். பல் வைத்தியர் போட்டார், கல்யாண மண்டபம் போட்டது, கனடாவில் குளிர்கோட்டு விற்பவனும் போட்டான். எல்லாவற்றிலும் அதே வாக்கியம், கடைசி முற்றுப்புள்ளி உட்பட. மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பரீட்சைத் தாள் திருத்தியவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தளம் முதல் பக்கத்துக்கு வந்தது. மருந்துக்கடை மாடிப்படியில் சின்னச் செருப்புகள் சேர்ந்தன. நாங்கள் இரண்டு பேரும் அந்த வழியாகப் போகிற சாக்கில் அவற்றைப் பார்த்துவிட்டு வருவோம்.

அப்புறம்தான் மெமோ. உங்கள் தளத்துக்கு இயல்புக்கு மாறான இணைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன, ஆகவே தேடலில் கீழே இறக்கப்படுகிறது என்றது. அன்றே இறக்கிவிட்டார்கள். எங்கள் காலத்தில் விளக்கம் கேட்டுவிட்டுத்தான் தண்டனை.

"சம்பந்தமே இல்லாத இத்தனை பேர் ஒரே வாக்கியத்தைப் போட்டா, காசு குடுத்து வாங்கினதுன்னுதான்பா நினைப்பாங்க," என்றாள் மகள்.

"எல்லாரும் ஒரே டீச்சர்கிட்ட படிச்சவங்கன்னு சொல்லிடலாமே."

"யார்கிட்டப்பா?"

மெமோவை மறுபடி மேலிருந்து படித்தேன். மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. பொருள், பார்வை, இணைப்பு என்று முறையாக ஒரு விளக்கம் தயாரித்தேன். மகள் அதை ஐந்து வரியாக வெட்டி அனுப்பினாள். இணைப்புகள் இன்னும் இருக்கின்றன, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அதிலும் கையெழுத்து இல்லை.

மனைவி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். சமையல்காரன் பதறிப்போனான்.

"இன்னா டீச்சர், நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"

"இல்லடா. அந்த வரியை மட்டும் எடுத்துடு."

"நீங்க குடுத்ததுல ஓர் எழுத்துகூட மாத்தல டீச்சர்!"

"அதான்டா தப்பு."

மனை விற்பவன் இன்னும் மோசம். "உங்க பொண்ணு நல்லா வரணும்னு டெய்லி வேண்டிக்கிறேன் டீச்சர். அதைப் போய் எடுன்னு சொல்றீங்களே, என் மேல எதுனா கோவமா?" என்றான். அவனைச் சமாதானப்படுத்தியதில் இவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பெரும்பாலோர் எடுத்துவிட்டார்கள். சிலருக்கு வழி தெரியவில்லை. மண்டபத்தின் தளத்தைச் செய்து கொடுத்தவர் எங்கே போனார் என்று மண்டபத்துக்கே தெரியாது. கோட்டுக்காரனின் கைப்பேசி எண் மாறியிருந்தது, குழுவிலும் அவன் இப்போது இல்லை. இப்படி மிஞ்சியவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு என்றாள் மகள். இந்தத் தளங்களின் சிபாரிசு எங்களுக்கு வேண்டாம், கணக்கில் எடுக்காதீர்கள் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எழுதியது நான். அனுப்புவதற்கு முன் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே வந்து உட்கார்ந்தாள்.

"இது பேர் அடிக்கிற வேலைங்க," என்றாள்.

"வெறும் வெப்சைட் முகவரிதான்."

"என் சர்வீஸ்ல ஒரு புள்ள பேரையும் நான் அடிச்சதில்ல. மாசக்கணக்கா வராதவனைக்கூட வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துருக்கேன். இந்தக் கோட்டுக்காரன் அப்படி வந்தவன்தான்."

நான் எத்தனையோ பெயர்களை எத்தனையோ பட்டியல்களிலிருந்து நீக்கியிருக்கிறேன். ஒரு நாளும் பக்கத்தில் யாரும் இப்படி உட்கார்ந்திருந்ததில்லை. மகள்தான் பொத்தானை அழுத்தினாள்.

சில வாரங்கள் கழித்துத் தண்டனை நீங்கியது என்று செய்தி வந்தது. அன்று மனைவி கேசரி கிளறினாள். தேடிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் இல்லை, மூன்றாம் பக்கத்திலும் இல்லை. ஐந்தாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

"தண்டனை போச்சும்மா. ஆனா மேல தூக்கிவிட்ட லிங்க்கெல்லாமும் போச்சே," என்றாள் மகள்.

எனக்குத் தெரிந்த ஏற்பாடுதான் இது. பணிநீக்கம் ரத்து, ஆனால் பழைய இடம் கிடையாது, விட்டுப்போன பதவி உயர்வும் கிடையாது. அரசாங்கத்தில் அதற்கும் மேல்முறையீடு உண்டு. இங்கே மேலே யாராவது இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. முதல் பக்கத்தில் காசு கொடுத்து ஏறிய இரண்டு நிலையங்கள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் சிபாரிசுகளையும் படித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு வேறு வாக்கியம்.

படியில் இப்போது இரண்டு ஜோடிச் செருப்புகள்தான். மாத முடிவில் அறையை விடுவதாக மகள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். பயிற்சிக்கு வைத்திருந்த பெரிய கண்ணாடியை எங்கள் வீட்டுக் கூடத்தில் எங்கே மாட்டுவது என்று அளந்துகொண்டிருந்தோம். அப்போது மனைவியின் கைப்பேசி சிணுங்கியது. மனை விற்பவன். தண்டனை நீங்கியதைக் குழுவில் படித்திருக்கிறான்.

'டீச்சர், ரொம்ப சந்தோஷம். இப்ப திரும்பப் போட்டுடட்டுமா?'

அதற்குக் கீழே சமையல்காரன்: 'நானும் ரெடி டீச்சர்.' அதற்குக் கீழே பல் வைத்தியர், கைகூப்பிய படத்துடன்.

மனைவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியுமே."

வாங்கிக்கொண்டேன். 'வேண்டாம்' என்று அடித்தேன். மகள் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அடித்ததை அழித்தேன். திரையில் மாணவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.