கண்டக்குழிச் சுவரில் ஒரு முகம்

கண்டக்குழியில் பூட்டிக் கிடக்கும் ஒரு விடுதியின் மதில் முழுக்க ஒரு மீனவரின் முகம். கொழும்பிலிருந்து வந்த சுவரோவியர்கள் வரைந்தது. எதிர்வீட்டு வாசலில் கருவாடு காயப்போடும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"இது யார், அக்கா?"

"என்ட மனுசன். படம் கீறி முடிச்ச அடுத்த கிழமை கடலுக்குப் போனவர். வருசம் ஒண்டாச்சு, இன்னும் வரல்ல."

என் கழுத்தில் தொங்கும் கமராவைப் பார்க்கிறார்.

"நாளைக்கு மதிலுக்கு வெள்ளையடிக்கப் போறாங்களாம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற படம் ஒண்டும் எங்கட வீட்டில இல்ல. எடுத்துத் தாறீங்களா, தம்பி?"

"ஓம், அக்கா."

கையைக் கழுவிக்கொண்டு வருகிறார். அவர் உயரம் மதிலிலுள்ள கணவரின் தாடைக்குக்கூட எட்டவில்லை. வீட்டிலிருந்து கதிரையொன்றைக் கொண்டுவந்து ஏறி, அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து அவரையே பார்க்கிறார். கமராவைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.