வெங்காய மேடம்

ஜெயசித்ராவை அந்தக் கல்லூரியில் மாணவிகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் வெங்காய மேடம் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் முளைத்த பெயர், நாளடைவில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. தாவரவியல் நடத்துகிற ஒருத்தி ரோஜாவையும் செம்பருத்தியையும் விட்டுவிட்டு, அழுகிய சின்ன வெங்காயத்தைத் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பக்கத்து சீட்டுக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். ஜெயசித்ரா ஒரு நாளும் மூடியதில்லை. அந்த நாற்றத்தோடு அவளுக்குத் தீராத பகை ஒன்று இருந்தது. அவள் புருஷனை அவளிடமிருந்து பிரித்தது அந்த நாற்றம்தான்.

பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடாத வீடு குறைவு. வெங்காயத்தைப் பிடுங்கிக் காயவைத்ததும் வயலிலேயே பட்டறை போடுவார்கள். கீழே கல் அடுக்கி, மேலே குச்சி பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, தென்னங்கீற்றால் மூடிவிடுவார்கள். விலை ஏறுகிற வரைக்கும் அது அப்படியே இருக்கும். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜெயசித்ராவின் கணவன் அன்பழகனும் அப்படித்தான் போட்டுவிட்டுக் காத்திருந்தான். விலை ஏறியது. ஓடிப்போய்ப் படலை அவிழ்த்தான். உள்ளேயிருந்து வெங்காயம் சரிந்து விழவில்லை. கறுப்பாய்த் தண்ணீர் வழிந்தது.

அவன் அழக்கூட இல்லை. வரப்பில் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரம் திருப்பூருக்கு பஸ் ஏறினான். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் விருந்தாளி மாதிரி வந்துபோகிற மனிதனாகிவிட்டான். வீட்டில் மிஞ்சியது இரண்டு பெண்கள். மாமியார் முத்தாயி, மருமகள் ஜெயசித்ரா.

மூடிய பட்டறைக்குள் அந்த அழுகல் எப்போது தொடங்குகிறது, எதனால் தொடங்குகிறது? இந்த ஒரு கேள்வியை ஜெயசித்ரா மனசில் முடிச்சுப் போட்டு வைத்தாள். ஆனால் கேள்வி மட்டும் இருந்தால் போதுமா? கல்லூரியில் இருந்தது இரண்டு பழைய மைக்ராஸ்கோப். அதில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. ஆய்வுக்கு வெளியிலிருந்து நிதி வாங்க வேண்டும். அப்படி யார் தருகிறார்கள், எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்ல அந்தக் கல்லூரியில் ஓர் ஆள் இல்லை. கேட்டால் சிரித்தார்கள். அதெல்லாம் பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள் சமாச்சாரம் என்றார்கள்.

சனிக்கிழமை தோறும் பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்படியும் தேடினாள். முதல் விண்ணப்பம், ஆய்வுக்கூட வசதி இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது, களத்தில் எடுத்த விவரம் போதாது என்று திரும்பியது. திரும்பி வந்த இரண்டையும் கிழித்துப்போடச் சொன்னார்கள். அவளோ, எந்த இடத்தில் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு மூன்றாவதை எழுத உட்கார்ந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்து, தை மாதம். கிராமத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்களுக்காக ஆய்வு நிதி தருகிற டெல்லி அமைப்பு ஒன்று அவளைச் சென்னைக்கு நேர்காணலுக்கு அழைத்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்த மேஜைக்கு முன்னால் நின்று பேசினாள். நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டர் சாந்தா என்கிற அம்மாள் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில் அவர் சொன்னது இதுதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டறையைத் திறந்து மாதிரி எடுப்பதாக எழுதியிருக்கிறாள். அது நடக்கிற காரியம்தானா என்று சித்திரை மாதம் தானே நேரில் வந்து பார்ப்பார். பார்த்துத் திருப்தியானால், கல்லூரி முதல்வரின் சம்மதக் கடிதத்தோடு நிதி கிடைக்கும்.

ஜெயசித்ரா சிரித்த முகமாய் ஊர் திரும்பினாள். மாமியாரிடம் சொன்னாள். முத்தாயி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏன் புள்ள, இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு எத்தன வருசமாச்சு ஒனக்கு? தொறந்த பட்டறைன்னா என்னான்னு தெரியாது? எங்க வூட்ல ஒல கொதிக்கல, கேக்குற வெலைக்கு அள்ளிக்கிட்டுப் போங்கன்னு ஊரக் கூப்புட்டுச் சொல்றதுடி அது."

ஜெயசித்ராவுக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. அவளுக்குத் தெரியாததா? அந்தப் பக்கத்தில் படல் அவிழ்ந்த பட்டறையைப் பார்த்தால் தரகர்கள் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பணமுடை வந்த வீடு என்று தெரிந்துவிட்டால் பாதி விலைக்குக் கேட்பார்கள். அதனால்தான் உள்ளே என்ன நடந்தாலும் விற்கிற நாள்வரை யாரும் திறப்பதில்லை. அந்த வீட்டு மருமகளாயிருந்தும், ஆய்வுக்கூடத்துப் பாட்டிலைத் திறந்து மூடுவது போல நினைத்து எழுதித் தொலைத்திருக்கிறாள்.

"தெரியும் அத்த. எழுதுறப்ப மறந்துட்டேன்."

"டெல்லிக்காரனுக்கு எழுதுறப்ப பாடாலூரு மறந்துபோச்சாக்கும்."

ஊரில் வீடு வீடாய்ப் போய்க் கேட்டாள். தங்கராசு கதவருகிலேயே நிறுத்தி, டீச்சர் வேற என்ன உதவி கேட்டாலும் செய்யறேன் என்று அனுப்பிவைத்தார். சின்னம்மாள், உன் புருஷன் போதாதென்று எங்க வீட்டு ஆம்பளைகளையும் திருப்பூருக்கு அனுப்பப் பார்க்கிறாயா என்று கேட்டே விட்டாள். அந்தச் சொல் அவளைச் சுட்டது. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. முத்தாயி தட்டை எடுத்து வைத்தபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"மூடி வச்சதாலதான அத்த போச்சு? யாருக்கும் தெரியாம உள்ளுக்குள்ளயே அழுகிப்போயிதான ஒங்க மவன் ஊர வுட்டுப் போனாரு. மானத்துக்குப் பயந்து இன்னும் எத்தன வருசத்துக்கு மூடி வச்சிருக்கப் போறீங்க?"

மகனைப் பற்றிய பேச்சு முத்தாயியைக் குத்தியது. பெற்ற வயிறு அல்லவா? தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விடிந்து ஜெயசித்ரா வயலுக்குப் போனபோது கண்ட காட்சியை என்னவென்று சொல்ல? அவர்கள் வீட்டுப் பட்டறையின் படல் ஒரு பக்கம் அவிழ்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு, வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்தாள் முத்தாயி. எதிர்பார்த்தபடியே தரகர் செல்லதுரையின் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது.

"என்னா பெரியம்மா, படல அவுத்துட்டீங்க. கஷ்டமா? ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருக்கமாட்டனா?"

"கஷ்டம் ஒன்னுமில்லய்யா. வெங்காயத்துக்குப் புழுக்கமா இருந்துச்சாம். காத்து வாங்குது."

"சும்மா சொல்லுங்க. என்னா வெலைக்குத் தரீங்க?"

"விக்கிறதுக்குன்னா நான் ஏன்யா நாற்காலி போட்டு காவலுக்கு ஒக்காரணும்? மருமவ படிக்கிறதுக்குத் தொறந்திருக்கன். படிச்சு முடிச்சதும் மூடிருவன். வண்டியத் திருப்பு."

செல்லதுரை போகிற வழியெல்லாம் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனார். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று டீக்கடையில் பேசினார்கள். ஜெயசித்ரா மாதிரி எடுத்தாள். முத்தாயி படலைக் கட்டினாள். பதினைந்து நாள் கழித்து மறுபடி அவிழ்த்தாள். மறுபடி நாற்காலி. மூன்றாவது முறை அவிழ்த்தபோது, பக்கத்து வயலில் சின்னம்மாளும் தன் பட்டறைப் படலை அவிழ்த்துவிட்டு ஒரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தாள். முந்தின சொல்லுக்காக அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு கை வெங்காயத்தை அள்ளி ஜெயசித்ராவிடம் நீட்டினாள், அவ்வளவுதான். பிறகு தங்கராசு. ஒரு வீடு திறந்தால் அது முடை. தெருவே திறந்து வைத்தால் எந்த வீட்டில் முடை என்று எந்தத் தரகர் கண்டுபிடிப்பார்?

இங்கே இப்படியிருக்க, கல்லூரியில் முதல்வர் சாமிதுரை அவளைக் கூப்பிட்டனுப்பினார். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வெளி நிதி என்று எதுவும் வந்ததில்லை. சித்திரையில் சென்னையிலிருந்து நிபுணர் வருகிறார் என்கிற தகவல் அவர் மேஜைக்கு வந்திருந்தது. அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பிரசவத்துக்கு லீவு கேட்டவளுக்கு முகம் சுளிக்காமல் கொடுத்தவர்தான். ஆனால் நாற்காலி உயரமானால் சிலருக்குக் கீழே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"காலேஜுக்கே பெருமைம்மா. ஒரே ஒரு திருத்தம். முதன்மை ஆய்வாளர்னு என் பேரு இருக்கட்டும். ஒங்க பேரு உதவியாளர்னு கீழ வரட்டும். ஒரு லெக்சரர நம்பி யாரும்மா இவ்வளவு தருவாங்க? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவருக்குப் பட்டறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஜெயசித்ரா முடியாது என்றாள். சத்தம் போடவில்லை, குரல்கூட உயரவில்லை. சாமிதுரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியது தான்தான் என்று நினைவுபடுத்தினார்.

"பேனா ஒங்களோடது சார். பட்டறை என்னோடது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சித்திரை வந்தது. டாக்டர் சாந்தா வந்தார். அவருக்கு முன்பே சாமிதுரை காரில் வந்து இறங்கிவிட்டார். வயல் வரப்பில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவர் படம் பெரிதாக இருந்தது, வெங்காயம் ஒன்றுகூட இல்லை. நிபுணருக்குச் சால்வை போர்த்தினார். முதன்மை ஆய்வாளர் தான்தான் என்று சொல்லும் கடிதத்தையும் நீட்டினார். டாக்டர் சாந்தா அதைப் படித்துவிட்டு ஜெயசித்ராவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பட்டறையைத் திறந்து காட்டச் சொன்னார்.

சாமிதுரை முத்தாயியைப் பார்த்து, திறங்கம்மா என்றார். முத்தாயி நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீங்க யாருங்க?"

"நான் காலேஜ் பிரின்சிபால்மா."

"இருக்கட்டுங்க. வெங்காயம் வாங்க வந்தவங்களுக்கும் தொறக்கல, வேடிக்க பாக்க வந்தவங்களுக்கும் தொறக்கல. எம் மருமவ சொன்னாத்தான் தொறப்பன்."

அவர் அசட்டுச் சிரிப்போடு சின்னம்மாள் வயலுக்குப் போனார். அவள் படல் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள். தங்கராசு தலையைச் சொறிந்துகொண்டே, டீச்சரக் கேட்டுச் சொல்றங்க என்றார். வரிசையாய்ப் பட்டறைகள், ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லோர் கண்களும் ஜெயசித்ரா மீது வந்து நின்றன.

அந்த நிமிஷம் அவள் மனசு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பேசாமல் திறந்துவிட்டால் நிதி வந்துவிடும். ஆனால் எல்லாம் அவர் பெயரில் எழுதப்படும். திறக்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பு இந்த வயலோடு போய்விடும். பேனரில் சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தாள். அன்பழகன் உட்கார்ந்திருந்த அந்த வரப்பைப் பார்த்தாள். பேனர் கம்பை அதே வரப்பில்தான் நட்டிருந்தார்கள்.

"மேடம், இதத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லணும். இந்த ஆராய்ச்சி என்னோடது. என் பேருல நடக்குறதா இருந்தா தொறக்குறேன். இல்லாட்டி மூடியே கெடக்கட்டும்."

டாக்டர் சாந்தா மழுப்பவில்லை. கல்லூரி இப்படிக் கடிதம் கொடுத்த பிறகு இந்தக் கல்லூரி வழியாக வேறு மாதிரி செய்யத் தனக்கு அதிகாரமில்லை என்றார். நிதி ஒப்பளிப்பு ஆவதற்கு முன், விண்ணப்பித்தவர் வேறொரு கல்லூரிக்கு மாறினால் விண்ணப்பமும் அவரோடு போகலாம். ஆனால் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அது ரத்தாகிவிடும் என்றும் சொன்னார்.

சாமிதுரை தணிந்த குரலில், யோசிச்சுப் பேசுங்கம்மா, வேலை போயிடும் என்றார்.

"யோசிச்சுட்டேன் சார். நாளைக்கு ராஜினாமா கடிதம் ஒங்க மேசைக்கு வரும். அதுலயாவது என் பேரு மட்டும் இருக்கும்."

சொல்லிவிட்டு மாமியார் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். முத்தாயி எழுந்து நாற்காலியை ஓரமாகப் போட்டாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படலை அவிழ்த்தார்கள். அடுத்தடுத்த வயல்களிலும் கயிறு அவிழும் சத்தம் கேட்டது. டாக்டர் சாந்தா சால்வையை மடித்து வரப்பில் வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மூன்று கல்லூரிகள் கதவைச் சாத்தின. அவளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதென்று முன்னதாகவே சிலருக்குப் போன் போயிருந்ததாகக் கேள்வி. இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். அந்த இரண்டு மாதமும் முத்தாயி ஒரு நாள்கூட, வேலையை விட்டாயே என்று கேட்கவில்லை. கடைசியில் அரியலூரில் ஒரு சிறிய கல்லூரி இடம் கொடுத்தது; சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் சாமான் அறை ஒன்றை ஒழித்துத் தந்தார்கள். கேட்டதில் பாதி நிதிதான் வந்தது. ஜெயசித்ரா என்ற பெயரில் வந்தது.

முதல் வருஷம் ஆய்வுக்கு எடுத்த பட்டறைகளில் பல அழுகத்தான் செய்தன. ஆனால் எந்த வாரத்தில், எந்த மூலையில், எந்த வெங்காயத்திலிருந்து அது தொடங்கியது என்று இப்போது சொல்ல முடிந்தது. பொங்கலுக்கு வந்த அன்பழகன், திறந்த பட்டறை முன் நின்று நெடுநேரம் பார்த்தான். இந்தத் தடவை அவன் வரப்பில் உட்காரவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவோடு படல் கட்ட இறங்கினான். மறுபடி திருப்பூருக்குத்தான் போனான். போகும்போது, அடுத்த பட்டறை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ் அவளுடைய பழைய கல்லூரி வாசலில் நின்றுதான் போகும். அங்கே பழகிய கண்டக்டர் ஒருவர், மறதியில் ஒரு நாள் அவளைப் பார்த்து, மேடம், காலேஜ் வந்துடுச்சு, எறங்கலயா என்றார். கல்லூரிச் சுவரில் புதிய விளம்பரப் பலகை. ஆராய்ச்சியில் முன்னோடி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு மாணவி மூக்கை மூடிக்கொண்டாள்.

ஜெயசித்ரா மடியிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திவிட்டுக்கொண்டு, "இல்லீங்க. அரியலூர் ஒன்னு குடுங்க" என்றாள்.