உடைந்த சமன்பாடு
கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், பயன்பாட்டுக் கணித ஆய்வுப் பயிற்சிக்காக எங்கள் ஊரான பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போனேன். எட்டு வாரம். உம்மாவுக்கு விருப்பமில்லை. துபாயிலிருந்து வாப்பா போனில், "போயிட்டு வரட்டும், தடுக்காத" என்றதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்குக் கிடைத்த கணக்கு பேருந்துகளைப் பற்றியது. நெடுநேரம் ஒன்றுமே வராமல், பிறகு ஏன் இரண்டு சேர்ந்தாற்போல் வருகின்றன? பின்னால் வருவதைச் சில நிறுத்தங்களில் சற்றுக் காக்கவைத்தால் இது தீரும் என்று ஒரு சமன்பாடு எழுதினேன். ஐந்து வாரம் அது சரியாகவே தோன்றியது. ஏறுகிற கூட்டம் எப்போதும் ஒரே அளவு என்று நானாக வைத்துக்கொண்டிருந்ததை ஆறாவது வாரம்தான் கவனித்தேன். கூட்டத்தை மாற்றிப் பார்த்ததும் முடிவு நிற்கவில்லை.

வழிகாட்டியான பேராசிரியையிடம் சொல்லப் பயந்து ஒரு நாள் முழுக்க விடுதியிலேயே இருந்தேன். மறுநாள் சொன்னேன். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எங்கே உடையுதுன்னு எழுதும்மா. அதுதான் உன் அறிக்கை" என்றார். அதையே எழுதிக் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் உம்மா கேட்டாள்: "ஏட்டி, என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"நான் போட்ட கணக்கு தப்புன்னு கண்டுபிடிச்சேன் உம்மா."

"அதுக்கா ரெண்டு மாசம் அங்கன கெடந்த?"

"ஆமா" என்றேன். உம்மா சிரித்துவிட்டாள்.

அடுத்த கோடைப் பயிற்சிக்கான விண்ணப்பத்தோடு அந்த அறிக்கையைத்தான் இணைத்தேன். தேர்வானேன். அந்த முறை உம்மாவே வண்ணார்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் எனக்குப் புதுப் பெட்டி வாங்கிவந்தாள்.