மீசைக்காரருக்கு மாற்றல் இல்லை

குளிர்பானத்துக்குப் புளிப்பேற்றும் அமிலத்தைப் பாகாகக் காய்ச்சி, குளிரவைத்து, படிகமாக்கி மூட்டை கட்டும் தொழிற்சாலை அது. அங்கே குளிரூட்டும் தொட்டியைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் மீசைக்காரர் என்றே அழைத்தார்கள். முன்னால் மீசை வரும். பின்னால் அவர் வருவார்.

மனைவியோடு ஒரே வீட்டில் இருந்து தினமும் சண்டை போட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மனைவி கடலோர ஊர் ஒன்றில் நர்ஸ். அங்கே கம்பெனிக்கு ஒரு கிடங்கும் இருந்தது. அதற்கு மாற்றல் கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். வேலையை விட்டுப் போகலாமென்றால், அந்த ஊரில் மீன் பிடிக்கத் தெரியாதவனுக்குப் பிழைப்பு இல்லை.

சிக்கல் இதுதான்: அவர் லீவில் போனால் தொட்டியில் படிகம் இறங்காது. பாகு பாகாகவே கிடந்து எல்லோரையும் முறைக்கும். அவர் திரும்பி வந்து, மூடியைத் திறந்து தலையை நீட்டி, "என்னம்மா கோபம்?" என்று கேட்டால் போதும், பொலபொலவென்று வெள்ளை இறங்கும்.

"உன் முகராசிய்யா," என்பார் மேனேஜர். விண்ணப்பம் கூடைக்குப் போகும்.

ஒருமுறை அவரைப் பார்க்க வந்த மனைவி, மீசையைத் துடைத்த விரலை நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலானது.

"முகராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பழைய படிகத்தோட பொடி மீசையில ஒட்டியிருக்கு. எட்டிப் பாக்கறப்ப உதிருது. பாலுக்கு உறை ஊத்தின மாதிரி, அதப் புடிச்சிக்கிட்டு மத்ததெல்லாம் உறையுது."

மறுநாளே மேனேஜரிடம் போனார். "சார், நான் இல்லாதப்ப பழைய பொடி ஒரு சிட்டிகை போட்டுப் பாக்கலாமே?"

மேனேஜர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாய்யா! பொடி தூவுற முறைக்கு எதிர்க் கம்பெனிக்காரன் காப்புரிமை வாங்கி வெச்சிருக்கான். நம்ம காப்புரிமையே எதையும் தூவாம படிகமாக்குறதுக்குத்தான். சிட்டிகை போட்டா கோர்ட்டுல நிக்கணும்."

ஆக, சிட்டிகை என்றால் திருட்டு; மீசை என்றால் தெய்வச் செயல். சட்டத்தின் நுட்பத்தை வியந்தபடி வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"அப்ப மீசைய எடுங்க."

"மீசையவா? கொஞ்சம் யோசிச்சு..."

போன் வைக்கப்பட்டது. மீசை எடுக்கப்பட்டது.

கேட்டில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மீசைக்காரர் தொட்டியின் மூடிப் பக்கமே போகாமல், எட்ட நின்று வெப்பமானியை மட்டும் பார்த்துவந்தார். பாகு அசையவில்லை. தொடர்ந்து அசையவில்லை.

"ராசியே போச்சேய்யா. இனி நீ இருந்தா என்ன, போனா என்ன?" மேனேஜர் மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியோடு கிளம்பியவருக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை காலம் கூட இருந்த தொட்டியிடம் சொல்லாமல் போனால் மனுஷத்தனமா? மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"போயிட்டு வரேம்மா."

புளிப்பு நெடி கண்ணைக் கரித்தது. புருவத்தைத் தேய்த்துக்கொண்டார்.

பொலபொல.

மூடியைப் படாரென்று சாத்தினார், சாத்தினால் உறைவது நின்றுவிடும் என்பதுபோல. மேனேஜர் ஓடி வந்து கட்டிப் பிடித்தார். கட்டிப் பிடித்தபடியே, அவர் முதுகுக்குப் பின்னால் உத்தரவைக் கிழித்தார். "ராசி திரும்பிடுச்சு! மீசைய வளருய்யா. எண்ணெய்ச் செலவு கம்பெனியோடது!"

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"புருவம்."

"வார்டுல கூப்பிடறாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.